நோட்டுச்சுரம் தந்த முத்துசாமி தீட்சிதர்

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்துடன் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடியேறினார். அங்கு வாழ்ந்த நாளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய இசையைக் கேட்டார்.

அம்மெட்டுகள் ‘மேஜர்’ என்னும் சுர வரிசையில் அமைந்தவை. அதன் ஏழு சுரங்களும் நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களே என்பதை அவர் செவி உணர்ந்தது. மேற்கத்திய இசையில் தொடக்கச் சுரம் மாறினால், எந்தச் சுரங்களை அரைச்சுரம் உயர்த்துவது அல்லது தாழ்த்துவது என்பதை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் குறியிட்டுக் காட்டுவர். நம் இசையிலோ பாடுபவரின் குரலுக்கேற்ப ‘ச’ இடம்பெயரும். சுரப் பெயர்கள் மாறா.

ஆள்வோரின் இசை என்று தீட்சிதர் அதை வெறுத்து ஒதுக்கவில்லை. அதற்கு அடிபணியவும் இல்லை. அம்மெட்டுகளில் வடமொழிச் சொற்களை அமைத்து இறைவனைப் பாடினார். ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாடலின் மெட்டில் அம்பிகையைப் போற்றினார். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இவ்வாறு பிறந்தன. இவை ‘நோட்டுச்சுர சாகித்தியங்கள்’ எனப்படுகின்றன. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று, அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

தீட்சிதர் 1835ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் மறைந்தார். இன்று கோலசிலாங்கூர்த் தோட்டக் கோயிலில் ஒலிக்கும் நாதசுவரத்தின் சங்கராபரணமும், பள்ளி பேண்டுக் குழுவின் மேஜர் வரிசையும் உறவுடையவை என்பதை அவர் பாடல்கள் உணர்த்துகின்றன.