கச்சேரி செய்து குடும்பம் காத்த கிளாரா

ஜெர்மனியில் 1990-ம் ஆண்டு வெளியான 100 மார்க் நோட்டில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. அவர் ராணி அல்ல, மந்திரியும் அல்ல. பியானோ வாசித்துப் பிழைத்து, 7 குழந்தைகளை வளர்த்த தாய்!

அவர் பெயர், கிளாரா ஷூமன்.

பியானோ மேல்நாட்டு வாத்தியம். ஆர்மோனியம் போலவே கட்டைகள் இருக்கும். ஆனால் காற்றுக்கு அதில் வேலை இல்லை. கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறு சுத்தி கம்பியைத் தட்டும். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், 10 விரல்களே ஒரு கச்சேரியை நடத்திவிடும்.

பேசாத குழந்தை

கிளாரா 1819-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி லைப்சிக் நகரில் பிறந்தாள். தகப்பனார் பிரெட்ரிக் வீக், பியானோ வாத்தியார். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். 5 வயதில் குழந்தை தகப்பனாரிடம் வந்து சேர்ந்தது.

4 வயது வரை கிளாராவுக்குப் பேச்சு வரவில்லை. காது கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அந்தக் குழந்தைதான் 9 வயதில் மேடை ஏறியது! 18 வயதில் வியன்னா நகரையே மயக்கியது. அங்கே அரசவைக் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது. அவள் பெயரில் கடைகளில் கேக் கூட விற்றார்கள்.

அப்பாவின் மாணவர் ராபர்ட் ஷூமன். கிளாராவைவிட 9 வயது மூத்தவர். விரல் கெட்டுப் போனதால் வாசிப்பதை விட்டு, இசை இயற்றத் தொடங்கியவர். இருவரும் காதலித்தனர். தகப்பனாரோ ஒரேயடியாக மறுத்தார். மகள் சம்பாதித்த பணத்தையும் தர மறுத்தார். (அவரைத் திட்டுவது எளிது. ஆனால் அந்த விரல்களைப் பழக்கியவரும் அவரே.) விஷயம் கோர்ட்டுக்குப் போனது. காதலர்கள் ஜெயித்தார்கள். 1840-ல் கல்யாணம் நடந்தது.

காலி நாற்காலிகள்

கணவர் இசை எழுதும்போது கிளாரா பியானோவைத் தொட முடியாது. சத்தம் இடைஞ்சலாக இருக்கும். நடுவே, வரிசையாகக் குழந்தைகள்.

1846 நவம்பரில் இருவரும் வியன்னா போனார்கள். கணவர் இயற்றிய இசையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது கிளாராவின் ஆசை. கூட்டம் வரவில்லை, நஷ்டம்தான் வந்தது. கடைசிக் கச்சேரியில் ஜென்னி லிண்ட் என்ற பிரபல பாடகி வந்து பாடினார். மண்டபம் நிரம்பியது. செலவும் ஈடாகியது. ஆனால் கூட்டம் பாடகிக்காக வந்தது. கணவரின் இசைக்காக அல்ல. இது கிளாராவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதைவிடப் பெரிய இடி 1854-ல் விழுந்தது. மனநிலை பாதிக்கப்பட்ட ராபர்ட், ரைன் நதியில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். பிறகு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மனைவி வந்து பார்க்க அனுமதி இல்லை. அப்போது கிளாரா கர்ப்பிணி! 8-வது குழந்தை பிறந்தபோது தகப்பன் அருகில் இல்லை. (முதலில் பிறந்த ஆண் குழந்தை 1847-ல் இறந்துவிட்டது.)

நண்பர்கள் உதவிக் கச்சேரி நடத்திப் பணம் தர முன்வந்தார்கள். கிளாரா மறுத்துவிட்டார். யாரிடமும் கை நீட்டவில்லை. வீட்டுக் கணக்கை இளைஞர் பிராம்ஸ் பார்த்துக்கொண்டார். பிற்காலத்தில் இசை மேதையாகப் புகழ் பெற்றவர் அவர். கிளாரா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

2 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கணவரைக் காண முடிந்தது. அது 1856 ஜூலை 27. இரண்டாம் நாள் அவர் இறந்தார்.

தெரிந்ததும் தெரியாததும்

அந்தக் காலக் கச்சேரியில் பாட்டு, வயலின் என்று பலரும் கலந்துகொள்வார்கள். பியானோவில் நாடக மெட்டுகளை வாசித்து வித்தை காட்டினால் கைதட்டல் கிடைக்கும். கிளாரா அதை மெல்ல மெல்ல விட்டார். புத்தகம் பார்க்காமல் மனப்பாடமாக வாசித்தார். முன்பு சிலர் அதைக் கர்வம் என்றார்கள்!

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சபையோருக்குப் பழகிய பீத்தோவன், ஷோபான், மெண்டல்சன் இசையை வாசிப்பார். நடுவே, யாரும் அதிகம் கேட்டிராத ராபர்ட்டின் இசை வரும். அதுவும் முழுதாக அல்ல. பல நேரம் சிறு சிறு பகுதிகள் மட்டும். குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல! ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே, அங்கேயே கற்பனை செய்து சிறிது வாசித்து இரண்டையும் இணைப்பார். கேட்பவர்களுக்குப் பாதை மாறியதே தெரியாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து என்று சுற்றினார். வருஷங்கள் ஓடின. ஒரு காலத்தில் தயங்கியவர்களே ராபர்ட்டின் இசையைக் கேட்டு வாங்கினார்கள். தம் கச்சேரிகளின் நிகழ்ச்சித் தாள்களைக் கிளாரா பத்திரமாகச் சேர்த்து வைத்தார். அவை 1,300-க்கு மேல்!

துக்கமும் விடவில்லை. வளர்ந்த பிள்ளைகளில் 3 பேர் அவருக்கு முன்பே இறந்தனர். ஒரு மகன் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தான். பேரக் குழந்தைகளையும் பாட்டியே தாங்கினார். 1878 முதல் பிராங்பர்ட் இசைப் பள்ளியில் பாடம் சொன்னார். கணவரின் படைப்புகளையெல்லாம் தொகுத்து அச்சிட்டார்.

1891 மார்ச்சில் கடைசிக் கச்சேரி. அப்போது வயது 71.

1896 மே மாதம், 76 வயதில் படுத்த படுக்கையானார். பேரன் பெர்டினாண்டைக் கூப்பிட்டு, பியானோ வாசிக்கச் சொன்னார். பேரன் வாசித்தது ராபர்ட் ஷூமனின் இசை. கிளாரா கேட்ட கடைசி இசை அதுதான். மே 20-ந் தேதி உயிர் பிரிந்தது. பான் நகரில், கணவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.