ஒரு மசோதாவின் இருபது ஆண்டுப் பயணம்

ஜூலை மாதம் வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு வந்துவிடுகிறது. அவர் பிறந்தது 1886 ஜூலை 30. மறைந்தது 1968 ஜூலை 22. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர், தேவதாசி முறையை ஒழித்தவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவர் என்று பட்டியலிட்டு, ஆண்டுதோறும் அவருக்கு மாலை அணிவித்து முடித்துவிடுகிறோம். நீண்ட காலம் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, அவர் மற்றொரு காரணத்தாலும் முக்கியமானவர். ஒரு சட்டத்தை அதன் தோற்றம் முதல் நடைமுறை வரை விடாமல் பின்தொடர்வது எப்படி என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் முடியும்போதெல்லாம், திருமணம், சொத்துரிமை, குழந்தைகள் நலன் ஆகியவை குறித்து எந்த மசோதா அறிமுகமானது, எது நிறைவேறியது, எது கிடப்பில் போடப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நிதி மசோதாக்கள் சில வாரங்களில் சட்டமாகிவிடுகின்றன. குடும்பத்துக்குள் நுழைய முற்படும் மசோதாக்களோ ஆண்டுக்கணக்கில் வாசலிலேயே நிற்கின்றன. இதற்கு முத்துலட்சுமி அம்மையார் கொண்டுவந்த மசோதாவைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவிய சமூகத்திலிருந்து வந்தவர். எந்தச் சமூகத்துப் பெண்களுக்காகச் சட்டசபையில் பின்னாளில் வாதாடினாரோ, அந்தச் சமூகத்தின் வலியை அவர் அறிக்கைகளைப் படித்து அறிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எழுந்த எதிர்ப்பை மீறி, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவருக்கு இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சாதி கடந்த அத்திருமணம் 1872-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நடைபெற்றது. ஒரு சட்டம் தனிமனித வாழ்வில் எந்தக் கதவைத் திறக்க முடியும் என்பதை அவர் தம் திருமணத்திலேயே கண்டுவிட்டார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிடைத்தது. சட்டசபை உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையை ஏற்று அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. மருத்துவப் பணி தடைப்படும் என்று முதலில் தயங்கியவர், பின்னர் ஒப்புக்கொண்டார். 1927-இல் அவையின் துணைத் தலைவராக அவரை உறுப்பினர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அவை அதை ஏற்றது. நம்மில் பலரும் இந்த இடத்தோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். தீர்மானம் என்பது அரசுக்கு விடுக்கும் பரிந்துரை மட்டுமே, அது சட்டமாகாது. இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்த அவர், அடுத்து எடுத்துவைத்த அடிதான் ஒரு பொருளியல் ஆசிரியனாகிய என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியம் தொடர்ந்தால்தான் நிலம் நிலைக்கும். ஊழியம் தொடர வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். வெளிப்பார்வைக்குச் சமயச் சடங்காகத் தெரிந்த ஒன்றின் அடியில் வாழ்வாதாரக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சடங்கை மட்டும் தடை செய்தால் நிலம் பறிபோகும்; நிலம் போகும் என்ற அச்சத்தில் சடங்கு மறைவாகத் தொடரும். எனவே, இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் நிறைவேறிய அத்திருத்தம், மானிய நிலத்தை ஊழியக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. ஊழியத்துக்கு மாற்றாக ஒரு தீர்வையைச் செலுத்தி, நிலத்தை அப்பெண்களே அனுபவிக்க வழி பிறந்தது. முதலில் பொருளாதார முடிச்சு, பிறகு சடங்கு என்பதே அவர் வகுத்த வரிசை.

பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதா 1930-இல் வந்தது. அது கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டிருந்த காலத்தில் உப்பு சத்தியாகிரகம் நாடெங்கும் மூண்டது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். கொண்டுவந்தவர் அவையில் இல்லாத நிலையில் மசோதா காலாவதியானது. நாட்டு விடுதலைக்குப் பின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1947-இல்தான் தேவதாசி தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1927 நவம்பரில் தொடங்கிய பயணம் முழுமை பெற இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியருக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தாமதமாக வந்த சட்டமே.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சட்டத்தை எதிர்த்தவர்கள் பழைமைவாத ஆண்கள் மட்டும் அல்லர். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் பலர் அமைப்பாகத் திரண்டு அரசிடம் முறையிட்டனர். பெண்ணுக்குச் சொத்துரிமையோ கல்வியோ பெரிதும் இல்லாத அக்காலத்தில், தம் மரபில் அவ்விரண்டும் இருந்தன என்றும், தங்கள் அனைவரையும் ஒரே பழிச்சொல்லுக்குள் அடைப்பது அநீதி என்றும் அவர்கள் வாதிட்டனர். சதிராட்டத்தின் எதிர்காலம் குறித்து ஈ. கிருஷ்ண ஐயருக்கும் அம்மையாருக்கும் 1932-இல் பத்திரிகைகளில் விவாதம் நிகழ்ந்தது. பின்னர் அந்தக் கலை பரதநாட்டியம் என்ற பெயரில் மதிப்புப் பெற்றது. அதைக் காத்துவந்த குடும்பங்களில் பலவற்றுக்கு அந்த மதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. ஆயினும், தன் சம்மதத்தைச் சொல்லும் வயது வராத சிறுமியின் வாழ்க்கையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியில் அம்மையாரின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு. சிறுமியைக் காத்த சட்டம், முதிர்ந்த கலைஞரின் பிழைப்புக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

திருமண வயதிலும் அவருடைய போராட்டம் இதே போன்றதுதான். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று குறைந்தபட்ச வயதை உயர்த்த வேண்டும் என்று 1928-இல் அவர் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அளவில் நின்றது. அது 1930 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பெருந்தொகையான குழந்தைத் திருமணங்கள் அவசரமாக நடத்தி முடிக்கப்பட்டன. பெண்ணின் வயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. அம்மையார் ஆணுக்குக் கோரிய 21 என்பதும் அந்த 1978-ஆம் ஆண்டில்தான் சட்டமானது. அப்போது அவர் மறைந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை நான் வகுப்பில் பல முறை கற்பித்திருக்கிறேன். ஒரு பருவத்தில் சாரதா சட்டத்தைப் பற்றிய பாடம் முடிந்த சில வாரங்களில், முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்புக்கு வருவது நின்றுபோனது. திருமணம் முடிந்துவிட்டதாகத் தோழியர் கூறினர். வயதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 18 நிறைவடைய இன்னும் சில மாதங்கள் இருந்தன. யாரிடம் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்குத் தொல்லை வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மீது சிவப்பு மையால் கோடு இழுத்ததோடு என் கடமை முடிந்துவிட்டது. சட்டத்தை மனப்பாடமாக அறிந்த ஒருவனே இவ்வாறு நடந்துகொண்டால், அச்சட்டத்துக்கு வேறு யார் துணை நிற்பார்கள் என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விட்டபாடில்லை. என் குறிப்பேட்டுப் பழக்கம் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

அந்தக் குறிப்பேடு எனக்குச் சிலவற்றைக் கற்பித்திருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையை ஆந்திரம் 1986-இலும் தமிழகம் 1989-இலும் வழங்கின. நாடு முழுமைக்கும் அது 2005-இல்தான் வந்தது. ஆனால், தமிழகச் சட்டத்தில், அது நடைமுறைக்கு வரும் முன்பே மணமாகிவிட்ட மகள்கள் விலக்கப்பட்டிருந்தனர். தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் இந்த விலக்கை அறியவில்லை. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி, குழந்தையாக இருக்கும்போது மணம் செய்விக்கப்பட்டவர் நீதிமன்றம் சென்றால்தான் அத்திருமணம் பொதுவாக ரத்தாகும். கர்நாடகம் தன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக அத்தகைய திருமணங்களைத் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை ஆக்கியது. பெண்ணின் திருமண வயதை 21 ஆக உயர்த்த 2021-இல் மக்களவையில் அறிமுகமான மசோதா, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அந்த மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதன் முடிவைப் பற்றிப் பேசியதை நான் அதிகம் கேட்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் சட்டத்தை நம்பினார். ஆனால், சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமியருக்கு இடம் கிடைக்காதபோது, 1930-இல் தம் வீட்டிலேயே அடைக்கலம் தந்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அவையில் மசோதா தாமதமானபோதெல்லாம் அவையின் வெளியே அவர் பணி நடந்துகொண்டே இருந்தது.

அவர் பெயரில் இன்று தமிழகத்தில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடைபெறுகிறது. அது உரிய சிறப்புதான். அதோடு நாம் செய்யக்கூடியது இன்னும் ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தொடரில் குடும்பம் தொடர்பான மசோதா எது வந்தாலும், அது அறிமுகமான நாள், நிறைவேறிய நாள், நடைமுறைக்கு வந்த நாள் ஆகிய மூன்றையும் குறித்துவைப்போம். மூன்றாவது நாள் வராவிட்டால் நம் தொகுதி உறுப்பினரிடம் காரணம் கேட்போம். பெயரின் மீது கோடு இழுக்கப்பட்ட அந்த மாணவிக்கு நான் செய்யத் தவறியது, இனி ஒரு பெண்ணுக்காவது கிடைக்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).