ஊசியின் முனை எங்கே? கண் மருத்துவர் அம்மார் அல்-மவ்ஸிலீ

கண்புரை அறுவை செய்துகொண்டு, கருப்புக் கண்ணாடியுடன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இல்லாத தெரு இன்று அரிது. பார்ப்பவருக்கு அது எளிய காரியம். கத்தியைப் பிடித்தவருக்கோ அந்த நேரம் முழுவதும் ஒரே கவலை: உள்ளே போன கருவியின் முனை இப்போது எங்கே நிற்கிறது?

முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்தான் கண். பின்சுவரில் உள்ள விழித்திரையின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதனால்தான் இன்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்தே அறுக்கிறார்கள். அறுவை நடக்கும்போதே கண்ணின் குறுக்குவெட்டைத் திரையில் காட்டும் ஓ.சி.டி. கருவியும் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. அதிலும் ஒரு தொல்லை உண்டு. உலோகக் கருவியின் நிழல் விழுந்து, அதற்குக் கீழே இருக்கும் திசு திரையில் மறைந்துபோகும்.

நுண்ணோக்கியும் இல்லை, ஊசி போட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தும் இல்லை என்ற காலத்தில் இதே கவலையோடு வாழ்ந்தவர் அபுல் காஸிம் அம்மார் இப்னு அலீ. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவர். இராக்கின் மவ்ஸில் நகரத்தவர் என்பதால் அல்-மவ்ஸிலீ. அரபியில் கண் மருத்துவருக்கு கஹ்ஹால் என்று பெயர். நாம் கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் குஹ்ல் என்ற சொல்லிலிருந்து வந்தது அது.

அம்மார் ஓரிடத்தில் கடை போட்டு உட்காராத கஹ்ஹால். கிழக்கே குராஸான், மேற்கே ஃபலஸ்தீன் என்று ஊர் ஊராகப் போய் அறுவை செய்து, கடைசியில் எகிப்தில் தங்கினார். அப்போது அங்கே ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்-ஹாகிமின் காலம் (கி.பி. 996-1021). ஒளியியலின் தந்தை எனப்படும் இப்னுல் ஹைஸமும் இதே ஆட்சியாளரின் நாளில்தான் கெய்ரோவுக்கு வந்தார். அம்மார் தம் நூலான ‘கிதாபுல் முன்தகப்’பை அல்-ஹாகிமுக்கே அர்ப்பணித்தார். கண் நோய்களை மருந்தாலும் இரும்பாலும் குணப்படுத்துவது பற்றிய தேர்ந்தெடுத்த செய்திகள் அடங்கிய நூல் அது. இரும்பு என்பது அங்கே அறுவைக் கருவியைக் குறிக்கும்.

அன்றைய மருத்துவர்கள் கண்புரையைக் கண்ணில் இறங்கும் நீர் என்று நினைத்தார்கள். கிரேக்கர்களிடமிருந்து வந்த படம் அது. கண்ணின் நடுவே வில்லை இருக்கிறது, அதற்கும் பாவைக்கும் இடையில் காலியிடம் இருக்கிறது, மேலிருந்து இறங்கும் நீர் அங்கே உறைந்து பார்வையை மறைக்கிறது என்று அந்தப் படம் சொன்னது. உண்மையில் வில்லை நடுவில் இல்லை, பாவைக்கு நேர் பின்னால் இருக்கிறது. மங்கிப்போவதும் அந்த வில்லைதான். இது உறுதியாகத் தெரிய 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியானால் அம்மாரின் கையில் இருந்த வரைபடமே தவறு. தவறான வரைபடத்தை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை பேருக்குப் பார்வை கொடுத்தார்?

விடை அவர் தொழில் செய்த முறையில் இருக்கிறது. பொட்டுப் பக்கமாக, கருவிழியின் ஓரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, வெள்ளைவிழியில் ஊசியை நுழைப்பார்கள். நோயாளி விழித்தபடியே இருப்பார். நுழைத்த பிறகு கண்மூடித்தனமாகத் தள்ளுவதில்லை. பாவையின் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்த வேண்டும். முனை புரைக்கு மேலே வந்திருப்பது கண்ணால் தெரிந்த பிறகுதான் அதை அழுத்திக் கீழே தள்ள வேண்டும். பாவைதான் அவருக்குச் சன்னல், அதுவே திரை. படம் பொய் சொன்னாலும் பாவையில் தெரியும் உலோகம் பொய் சொல்லவில்லை.

ஆனால் கீழே தள்ளிய புரை மீண்டும் மேலே மிதந்து வரலாம். அதைத் தடுக்க நோயாளி பல நாள் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். இருமல்காரர், முதுகுவலிக்காரர் எல்லாம் என்ன செய்வார்கள்? இதற்காக அம்மார் உலோகத்தால் உள்துளை கொண்ட ஊசி ஒன்றைச் செய்தார். செய்து வைத்தாரே தவிர, உடனே யார் மீதும் பயன்படுத்தவில்லை. அவருடைய இந்தத் தயக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஃபலஸ்தீனின் தபரிய்யாவுக்கு வந்தபோது ஒரு மனிதர் அவரிடம் கண்ணைக் காட்டினார். எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், மல்லாந்து படுக்க மட்டும் என்னால் முடியாது என்றார். அன்றுதான் அந்த ஊசி வெளியே வந்தது. முனை புரையைத் தொட்டதும் உறிஞ்ச, புரை குழாய்க்குள் வந்துவிட்டது. அந்த மனிதருக்கு அங்கேயே பார்வை தெரிந்தது. கண்ணை மட்டும் ஏழு நாள் கட்டி வைத்தார்கள். படுப்பதெல்லாம் அவர் விருப்பம்போல. பிறகு எகிப்தில் பலருக்கு இதே முறையில் செய்ததாக அம்மார் எழுதியிருக்கிறார்.

இதில் தமக்கு முன்னோடி யாருமில்லை என்றும் எழுதுகிறார். அதை அப்படியே ஏற்க முடியாது. கண்ணாடிக் குழாயால் புரையை உறிஞ்சிய பழைய முறையை அர்-ராஸீ முன்பே குறித்திருக்கிறார். உடையாத உலோகத்தில் செய்ததும், தாம் செய்த அறுவையை இடமும் நோயாளியின் நிலையும் சொல்லி எழுதி வைத்ததும் அம்மாரின் பங்கு. அவர் நூலில் இப்படிக் கண்புரை அறுவைகள் ஆறு விவரிக்கப்பட்டுள்ளன.

அவருடைய ஊசி பரவலாகவில்லை. அடுத்த பல நூற்றாண்டுகள் புரையைக் கீழே தள்ளும் முறையே எங்கும் நடந்தது. உள்துளை ஊசியால் புரையை உறிஞ்சி எடுப்பது 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மனின் வழியாக வேறு வடிவில் வந்தது. மீயொலி அதிர்வால் புரையை உடைத்துக் கூழாக்கி உறிஞ்சும் அந்த முறையில்தான் நம் திண்ணைப் பெரியவர்கள் பலருக்கும் செய்கிறார்கள்.

அம்மாரின் நூல் 13ஆம் நூற்றாண்டில் ஹீப்ரு மொழிக்குப் போனது. லத்தீன் உலகிலோ அவர் பெயர் சிதைந்து, வேறொரு நூலின் மேல் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியர் அதைப் படித்து அவரை எடைபோட்டார்கள். கண் மருத்துவ வரலாற்றாசிரியரான ஜெர்மானியர் ஹிர்ஷ்பர்க், அரபி அறிந்த இருவருடன் சேர்ந்து உண்மையான நூலை 1905இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அரபுக் கண் மருத்துவர்களில் சொந்தச் சிந்தனை மிகுந்தவர் இவரே என்பது ஹிர்ஷ்பர்க்கின் கணிப்பு.