பூச்சு உதிர்ந்த பொன்: சிலாங்கூர் சேற்றில் எமிலி இன்னஸ் நடத்திய குடித்தனம்

சுங்கை செம்பிலாங் பக்கம் மீன் சாப்பிடப் போனவர்களுக்கு அந்தக் கரை தெரியும். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு, அதற்குப் பின்னால் சதுப்புநிலக் காடு. இதே சிலாங்கூர் கடற்கரையில், இன்னும் தெற்கே இருக்கும் லங்காட்டில்தான் 1876-இல் ஓர் ஆங்கிலேயப் பெண் குடித்தனம் தொடங்கினார். பெயர் எமிலி இன்னஸ்.

கணவர் ஜேம்ஸ் இன்னஸ் அங்கே கலெக்டர், மாஜிஸ்திரேட் என இரட்டைப் பதவியில் இருந்தார். துரைசானி வீடு என்றதும் குன்றின்மேல் பங்களாவைக் கற்பனை செய்யாதீங்க. பலகைச் சுவர், மேலே அத்தாப்புக் கூரை, சுற்றிலும் சேறு. அவ்வளவுதான். மாலையானால் கொசுக்கடி தாங்க முடியாது. சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் கோழி, இல்லாவிட்டால் டின் உணவு. பேச்சுத் துணைக்கு இன்னொரு வெள்ளைக்காரப் பெண் கிடையாது. அங்கேயே வசித்த சுல்தான் அப்துல் சமாட் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு ஜேம்ஸுக்குப் பேராக்கில் வேலை. 1878 அக்டோபரில் எமிலி பங்கோர் தீவில் கேப்டன் லாயிட் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அன்றிரவு வீடு தாக்கப்பட்டது. லாயிட் கொல்லப்பட்டார், அவர் மனைவிக்குப் பலத்த காயம். தலையில் அடிபட்டு நினைவிழந்த எமிலி எப்படியோ உயிர் பிழைத்தார்.

அதற்குப் பிறகும் இருவரும் லங்காட்டுக்கே திரும்பினார்கள். ஆனால் அங்கே கடன் அடிமை முறை இருந்தது. வாங்கிய கடனை அடைக்க முடியாதவர் குடும்பத்தோடு அடிமையாகிவிடும் வழக்கம் அது. பிரிட்டிஷ் கொடியின் கீழேயே இது நடந்ததை ஜேம்ஸால் ஏற்க முடியவில்லை. மேலதிகாரிகளோடு மோதல் முற்றி, 1882-இல் வேலையை விட்டார்.

மறு ஆண்டே லண்டனில் இசபெல்லா பேர்டு எழுதிய 'தி கோல்டன் செர்சோனீஸ்' வெளியானது. செர்சோனீஸ் என்றால் கிரேக்க மொழியில் தீபகற்பம். பொன் தீபகற்பம் என்பது மலாயாவின் பழைய பெயர். பேர்டு 1879-இல் அரசாங்கப் படகில், அதிகாரிகளின் விருந்தாளியாகச் சில வாரங்கள் சுற்றிப் பார்த்தவர். எமிலி அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். 1885-இல் எமிலி இரண்டு தொகுதிகளாகப் பதில் எழுதினார். தலைப்பு 'தி செர்சோனீஸ் வித் தி கில்டிங் ஆஃப்', அதாவது பொன் பூச்சு உரிந்த தீபகற்பம். பேர்டு பொய் சொன்னதாக அவர் குற்றம் சாட்டவில்லை. விருந்தாளி பார்க்கும் ஊரும் குடியிருப்பவர் பார்க்கும் ஊரும் வேறு என்பதே அவர் வாதம்.

உள்ளூர் மக்களைப் பற்றி எழுதும் இடங்களில் காலனிய கர்வம் தெரியத்தான் செய்கிறது. அதையும் மனதில் வைத்தே படிக்கணும். பின்னாளில் கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டங்களுக்கு மணப்பெண்ணாக வந்த நம் பாட்டிமார்களுக்கு முதல் வீடு லயத்தில் ஓர் அறை. அதே கொசு, அதே மழை. அவர்கள் யாரும் புத்தகம் போடவில்லை.

எமிலியின் புத்தகம் 1974-இல் மறுபதிப்பு கண்டது.