யாழ்ப்பாணம் எழுப்பிய கேள்வி

மதுரை கோரிப்பாளையத்தில் தர்காவுக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது அமெரிக்கன் கல்லூரி. பெயரைக் கொண்டு, அதை நட்டவர்கள் அமெரிக்காவிலிருந்து நேராக மதுரைக்கு வந்ததாக எண்ணத் தோன்றும். உண்மையில் அவர்களது மிஷன் யாழ்ப்பாணம் வழியாக வந்தது. அங்கு பணியாற்றிய அமெரிக்கர்கள் 1834-இல் கடல் கடந்து வந்து மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினர். யாழ்ப்பாணத் தமிழர் சிலரும் துணைக்கு வந்தனர். அந்த மிஷன் 1881-இல் பசுமலையில் உருவாக்கிய கல்லூரியே பின்னர் கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்தது.

அதே யாழ்ப்பாணம்தான் 1902-இல் திருநெல்வேலித் தமிழர் ஒருவரின் வாழ்வைத் திசைதிருப்பியது. அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறி, 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலரானார். ஊர் ஊராகச் சென்று இளைஞர்களையும் ஊழியர்களையும் ஊக்குவிப்பதே அவரது பணி. இலங்கைப் பயணமும் அப்படிப்பட்டதுதான்.

ஆனால், ஊக்குவிக்கப் போனவர் அங்கே வெட்கப்பட நேர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சின்னஞ்சிறு கிறிஸ்தவச் சமூகம், அதிலும் மாணவர்கள், தாங்களே பணம் திரட்டி அன்றைய மதுரை மாவட்டக் கடற்கரை ஊரான தொண்டியில் ஊழியம் நடத்தி வந்தனர். அதாவது, இந்தியத் தமிழருக்கு இலங்கைத் தமிழர் தம் கைக்காசைச் செலவிட்டு ஊழியர் அனுப்பினர். திருநெல்வேலித் திருச்சபையோ ஒரு நூற்றாண்டைக் கடந்தது, எண்ணிக்கையிலும் பெரியது. அப்படியிருந்தும், வேற்றுமொழி பேசும் மக்களிடம் தன் செலவில் ஊழியரை அனுப்பும் அமைப்பு அதனிடம் இல்லை. பலவற்றுக்கும் இங்கிலாந்தை எதிர்பார்த்துப் பழகியிருந்தது. அசரியா தனிமையை நாடி நெடுநேரம் ஜெபித்தார். ஆலயங்களில் தாம் போதித்த கடவுள், அந்நிய மண்ணில் எளிய மக்களின் ஈகை வழியாகத் தம்மை வழிமறித்ததாக அவர் உணர்ந்தார்.

இந்த உணர்வு அவருக்குள் உருக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. நிதித் திட்டமாகவும் மாறியது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னை அவரிடம் ஈர்ப்பது இதுதான். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. ஊழியர் இந்தியராக இருக்க வேண்டும். பணம் இந்தியருடையதாக இருக்க வேண்டும். நிர்வாகமும் இந்தியர் கையில் இருக்க வேண்டும். அயல்நாட்டுக் கொடை தாராளமாகக் கிடைத்த காலத்தில், அது வேண்டாம் என்று விதி எழுதத் துணிச்சல் வேண்டும். கொடுப்பவன் கையில்தான் முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கும் என்பதை, கொடையைச் சார்ந்து நின்ற ஒரு சமூகத்தின் நடுவிலிருந்தே அவர் கண்டுகொண்டார். ஏழையும் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியும் என்பது அவரது வாழ்நாள் போதனையாயிற்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென எடுத்துவைக்கும் வழக்கம் இந்தக் கணக்கில் மிகப் பெரிய முதலீடு.

முதல் ஊழியரான சாமுவேல் பாக்கியநாதன் 1904-இல் தோர்ணக்கல் சென்றார். அது ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிப்பகுதி. மொழி தெலுங்கு. நாணயம்கூட வேறு. திருநெல்வேலிக்காரருக்கு அது அயல்நாடேதான். அவரைத் திடப்படுத்தச் சென்ற அசரியாவுக்கு யாழ்ப்பாணத்து அனுபவம் மீண்டும் நேர்ந்தது. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் நகரத்தில் இருப்பது தகுமா? 1909-இல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லில் குடியேறி, தெலுங்கு கற்றார்.

மறு ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் ஒரு சிலரே. வெள்ளை மிஷனரிகள் இந்திய ஊழியர்களுக்காகத் தியாகம் செய்கிறார்கள். ஆனால் நண்பர்களாக ஏற்பதில்லை என்று அவர் அந்த அவையிலேயே எடுத்துரைத்தார். பலர் முகம் சுளித்தனர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தோர்ணக்கல்லில் அவரிடம் திரண்டவர்களில் பெரும்பான்மையோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த, நிலமற்ற உழைப்பாளிகள். இந்த மதமாற்றம் பின்னாளில் காந்தியடிகளோடு அவருக்குக் கடும் கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. அதைப் பற்றி இருவிதமாகவும் வாதிடலாம், வாதிடுகிறார்கள். ஆனால் அவரை அந்நியரின் கையாள் என்போர், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று அவர் எதிர்த்ததையும், இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளை இணைத்துப் பேராலயம் எழுப்பியதையும் கருத வேண்டும். அப்பேராலயம் 1939-இல் அர்ப்பணிக்கப்பட்டது.

மேலைநாட்டுச் சபைப் பிரிவுகள் இந்தியக் கிராமத்தானுக்குத் தேவையற்ற சுமை என்று கருதிய அசரியா, 1919 தரங்கம்பாடி மாநாட்டிலிருந்து சபை ஒற்றுமைக்காக உழைத்தார். பலனைக் காணாமலே 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் சபைகளும், அசரியாவின் திருநெல்வேலிச் சபைகளும் அன்று ஒரே திருச்சபைக்குள் வந்தன.