செவி இழந்த எடிசன் செய்த பேசும் பெட்டி

பேசும் பெட்டியை உலகுக்குக் கொடுத்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். ஆனால் அதன் பேச்சைச் சரியாகக் கேட்க அவருடைய காதுகள் இடம் கொடுக்கவில்லை!

1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மிலன் என்ற சிற்றூரில் பிறந்தார் எடிசன். பள்ளிக்கூடத்தில் படித்தது சில மாதங்களே. மற்றதெல்லாம் தாயார் நான்சி வீட்டில் சொல்லிக் கொடுத்தது. 12 வயதில், போர்ட் ஹுரானுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார். அந்த வயதிலேயே காது மந்தமாகத் தொடங்கிவிட்டது.

ரெயில்வே ஊழியர் ஒருவர் அறைந்த அறையே காரணம் என்பது ஒரு கதை. ஓடும் ரெயிலில் தொற்றிய சிறுவனைக் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். அதனால் வந்த வினை என்பது எடிசனே சொன்ன கதை. சிறு வயதில் கண்ட காய்ச்சலும் காது நோயுமே காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 12 வயதுக்குப் பிறகு பறவை பாடிக் கேட்டதே இல்லை என்று எடிசன் எழுதி வைத்திருக்கிறார்.

தந்தியும் காதலும்

1862-ல், தண்டவாளத்தில் நின்ற ஒரு குழந்தையை எடிசன் பாய்ந்து காப்பாற்றினார். குழந்தையின் தந்தை ஸ்டேஷன் மாஸ்டர். நன்றிக் கடனாக அவர் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். காது மந்தமானவருக்கு இது ஏற்ற வேலைதானா? ஏற்றதாகவே இருந்தது! எதிரே இருந்த கருவியின் “டக் டக்” ஒலி அவருக்குக் கேட்டது. அறையிலிருந்த மற்றக் கருவிகளின் இரைச்சல் கேட்கவில்லை.

தந்தி பாஷை அவருடைய குடும்பத்திலும் புகுந்தது. முதல் மனைவிக்குப் பிறந்த மகளையும் மகனையும் “புள்ளி”, “கோடு” என்று செல்லப்பெயர் வைத்து அழைத்தார். அந்த மனைவி 1884-ல் இறந்தார். மறு ஆண்டு மினா மில்லர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவளுக்குத் தந்தி பாஷையைக் கற்பித்து, அவள் உள்ளங்கையில் தட்டியே, மணக்கச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்ற பதிலும் தட்டாகவே வந்தது. 1886-ல் திருமணம்.

நாடகம் பார்க்கப் போனால் மினா பக்கத்தில் அமர்ந்து, நடிகர்கள் பேசுவதைக் கணவரின் முழங்காலில் தட்டித் தட்டிச் சொல்வாராம். இன்று படத்தின் அடியில் ஓடும் எழுத்து செய்யும் வேலையை அன்று ஒரு பெண்ணின் விரல்கள் செய்தன.

பல்லால் கேட்டார்

1877-ல் போனோகிராப் பிறந்தது. வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையில் குரல் பதிந்தது, திரும்பவும் ஒலித்தது. எடிசன் அந்தக் கருவியின் மரத்தைப் பற்களால் கடித்துக்கொண்டு கேட்பார். அதிர்வு பல் வழியாக, எலும்பு வழியாக உட்காதை எட்டும்.

இதன் பயன்கள் எவை என்று 1878-ல் ஒரு பட்டியல் எழுதினார். மொத்தம் பத்து. இரண்டாவது இடத்திலேயே, பார்வையற்றவர்களுக்குத் தானே படித்துக் காட்டும் புத்தகம்! பிறகு மின்விளக்கு ஆசை பற்றிக்கொண்டது. பேசும் பெட்டி சுமார் பத்து ஆண்டு தூங்கியது. பேசும் புத்தகங்கள் அமெரிக்கப் பார்வையற்றோர் கைக்கு வந்தது 1934-ல்தான். அப்போது எடிசன் உயிரோடு இல்லை.

ஊமைப் படம் பேசியது

காதுக்குப் போனோகிராப் செய்ததுபோல் கண்ணுக்கும் ஒரு கருவி செய்ய 1888-ல் திட்டமிட்டார். உதவியாளர் டிக்சனின் உழைப்பு அதில் மிகப் பெரிது. 1894-ல் நியூயார்க் கடை ஒன்றில் மக்கள் காசு கொடுத்து, பெட்டிக்குள் ஓடிய படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு திரைக்கு வந்த ஊமைப் படங்களில், கதையும் வசனமும் எழுத்தில் வந்தன. காது கேளாதவர்களும் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து ரசித்தார்கள். காது கேளாத எடிசனோ படத்தைப் பேசவைக்க முயன்றார்! 1913-ல் அவர் வெளியிட்ட பேசும் படக் கருவியில் உதடும் ஒலியும் ஒத்துப்போகவில்லை. முயற்சி தோற்றது. ஆனால் 1927-ல் வேறு கம்பெனியின் “ஜாஸ் சிங்கர்” வெற்றி பெற்றது. சில ஆண்டுகளில் திரையிலிருந்த எழுத்து மறைந்தது. காது கேளாதவர்களுக்குச் சினிமாக் கொட்டகையில் இடம் இருந்தும் கதை புரியாமல் போனது.

1931 அக்டோபர் 18-ல் எடிசன் காலமானார்.

எழுத்தைத் திரைக்கு மீட்கக் கிளம்பியவர் எமர்சன் ரொமேரோ. காது கேளாதவர், ஊமைப் படங்களில் நடித்தவர். பேசும் படம் அவர் பிழைப்பைப் பறித்தது. 1947-ல் அவர் பிலிமை வெட்டி, இடையிடையே எழுத்துச் சட்டங்களை ஒட்டி, காது கேளாதவர்களின் சங்கங்களுக்கு அனுப்பினார். 1958-ல் அமெரிக்க அரசே சட்டம் போட்டு, அவர்களுக்காக எழுத்துடன் கூடிய படங்களை வழங்கத் தொடங்கியது. டெலிவிஷனில் எழுத்தோடு வந்த நிகழ்ச்சி இணையத்தில் வரும்போதும் எழுத்து இருந்தாக வேண்டும் என்று 2010-ல் மற்றொரு சட்டம் வந்தது.