லைனஸ் பாலிங்கும் வைட்டமின் சியும்

நம் ஆய்வகத்தில் பழுப்பு நிற அயோடின் கரைசலில் வைட்டமின் சி கரைசலைச் சேர்த்தோம். நிறம் மறைந்தது. அயோடினை ஒடுக்கித் தான் ஆக்ஸிஜனேற்றம் அடையும் அந்த எளிய பொருளுக்காகத் தம் புகழையே பணயம் வைத்த மேதை ஒருவர் உண்டு. அவரே லைனஸ் பாலிங்.

1901இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பிறந்தார். மருந்துக்கடை வைத்திருந்த தந்தை, மகனின் ஒன்பதாம் வயதிலேயே இறந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. பொருள் ஈட்ட ஓராண்டு படிப்பை நிறுத்தி, தாம் பயின்ற கல்லூரியிலேயே பகுப்பாய்வு வேதியியல் கற்பித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். இதைப் படித்தபோது நெஞ்சம் நெகிழ்ந்தது. வேதிப் பிணைப்பை விளக்கியதற்காக 1954இல் வேதியியல் நோபல் பரிசும், அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக 1962ஆம் ஆண்டின் அமைதிப் பரிசும் பெற்றார்.

முதுமையில் வந்தது சோதனை. வைட்டமின் சி பெற்ற புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தனர் என்று, ஸ்காட்லாந்து மருத்துவர் ஈவன் கேமரானுடன் சேர்ந்து 1976இல் அறிவித்தார். ஆனால் பழைய நோயாளிகளின் பதிவேடுகளோடுதான் ஒப்பிட்டிருந்தனர். மேயோ மருத்துவமனை 1979இலும் 1985இலும் முறையான சோதனை முடிவுகளை வெளியிட்டது. நாள்தோறும் 10 கிராம் வாய்வழி கொடுத்தும் பயனில்லை. பாலிங் ஏற்கவில்லை, உலகம் நகைத்தது. மனைவி ஆவா ஹெலன் 1981இல் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். 1994இல் அவரும் புற்றுநோய்க்கே இரையானார்.

கதை அத்துடன் முடியவில்லை. வாய்வழி உண்டால் இரத்தத்தில் வைட்டமின் சி ஓர் அளவுக்கு மேல் உயராது. சிரை வழியே செலுத்தினால் பன்மடங்கு உயரும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த உயர் செறிவில் அது ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகக் காரணமாகிப் புற்றணுக்களைத் தாக்குகிறது. காக்கும் பொருளே தாக்கும் பொருளாகிறது!

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், பரவிய கணையப் புற்றுநோய் கொண்ட 34 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. வழக்கமான இரு வேதிமருந்துகள் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 8.3 மாதம், அவற்றோடு வைட்டமின் சியும் சிரை வழியே பெற்றவர்களுக்கு 16 மாதம்.

இதனால் பாலிங் வென்றுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். சோதனை சிறியது, மாத்திரை விழுங்கினால் போதும் என்பதற்கு இது சான்றுமன்று. மருத்துவத்தைக் கைவிட்டு வைட்டமினை நாடுவது பேதைமை. இரண்டு நோபல் பரிசுகளும் ஒரு நல்ல சோதனைக்கு ஈடாகா. அதேபோல், ஒரு சோதனை தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். பாலிங்கின் வாழ்வில் நான் கற்ற பாடம் இதுவே.